நாய்க்கு உயிராபத்து நேரும்போது: எதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

நாய் தன் வலியைக் கூடியவரை மறைத்துக்கொள்ளும் பிராணி. காலையில் சோற்றைத் தொடாமல் ஒதுங்கிப் படுத்த நாயை, வெயிலுக்குச் சோர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டு, மறுநாள் மாலையில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். நோய் இன்னதென்று கண்டறிவது கால்நடை மருத்துவரின் பணி. வளர்ப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது வேறு: கண்ணெதிரே தெரியும் அறிகுறிக்கு நிமிடக் கணக்கில் நேரம் இருக்கிறதா, மணிக் கணக்கிலா, நாள் கணக்கிலா என்பதையும், அந்த நேரத்துக்குள் தாம் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதையும் அவர் அறிந்திருந்தால் போதும், பல நாய்கள் பிழைத்துக்கொள்ளும். கீழே உள்ளவை அந்த வரிசையில் எழுதப்பட்டவை.

நலமாக இருக்கும் நாளிலேயே பழக வேண்டியவை

நாயின் இயல்பான உடல் வெப்பம் நம்முடையதைவிட அதிகம். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். ஆகவே தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்று சொல்வதிலும், மூக்கு காய்ந்திருப்பதால் காய்ச்சல் என்று முடிவு கட்டுவதிலும் பொருளில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை நாய்க்கென்றே தனியாக வைத்துக்கொண்டு, அதன் முனையில் சிறிது வாசலின் தடவி, ஆசனவாய்க்குள் ஓர் அங்குலம் அளவு மெதுவாகச் செலுத்திப் பார்க்கப் பழகுங்கள். அமைதியாக இருக்கும் நாய்க்கு 103க்கு மேல் இருந்தால் காய்ச்சலாக இருக்கலாம். 106ஐத் தொட்டால் உயிராபத்து. 99க்குக் கீழே இறங்குவதும் அதே அளவுக்கு ஆபத்தானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்தது ஈறு. மேலுதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலுள்ள ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் அவ்விடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். நிறம் திரும்பத் தாமதமானால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். ஈறு வெளுத்திருந்தால் இரத்த இழப்போ இரத்தசோகையோ அதிர்ச்சி நிலையோ காரணமாகலாம். மஞ்சளாக இருந்தால் காமாலை. நீலம் பாய்ந்திருந்தால் மூச்சுக்காற்று போதவில்லை. செங்கல் நிறமாக இருந்தால் உடல் வெப்பம் மிகுந்திருக்கலாம் அல்லது நச்சுக் கிருமிகள் இரத்தத்தில் பரவியிருக்கலாம். பிறவியிலேயே ஈறு கறுப்பாக உள்ள நாய்களுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். உறங்கும் நாய் நிமிடத்துக்கு 30 தடவைக்குக் குறைவாகவே மூச்சு விட வேண்டும். இந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவது, குறிப்பாக வயதான நாய்களில், இதய நோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும்.

நிமிடங்களே உள்ளவை

வெயில் தாக்கு. நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்துத்தான் அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூக்கு சப்பையான பக், ஷிட்ஸூ, புல்டாக் வகைகளுக்கு அந்த வழியும் குறுகல். கத்திரி வெயிலில் நடைக்கு அழைத்துச் செல்லப்பட்ட நாயும், மொட்டை மாடியில் கட்டிப்போடப்பட்ட நாயும், மூடிய காருக்குள் கொஞ்ச நேரம்தானே என்று விடப்பட்ட நாயும் ஒரே விதமாகத்தான் விழும்: ஓயாத இரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிற ஈறு, தள்ளாட்டம், வாந்தி, பிறகு வலிப்பு அல்லது மயக்கம். இந்த நிலையில் முதலில் குளிர்விக்க வேண்டும். வண்டியில் ஏற்றுவது அடுத்த வேலை. நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரைக் கழுத்து, வயிறு, தொடையிடுக்கு, பாதங்கள் ஆகியவை நன்றாக நனையும்படி தொடர்ந்து ஊற்றி, மின்விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். ஈரத் துணியால் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் அது சற்று நேரத்தில் சூடேறி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஆகையால் போர்த்த வேண்டாம். வெப்பமானி 103ஐக் காட்டியதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். நினைவில்லாத நாயின் வாயில் நீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். எழுந்து நடக்கத் தொடங்கிவிட்ட நாயையும் அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஏனெனில் சிறுநீரகமும் கல்லீரலும் இரத்தம் உறையும் திறனும் அடுத்த மூன்று நாள்களுக்குள் கெடக்கூடும்.

வண்டியில் அடிபட்ட நாய். எழுந்து ஓடிவிட்டது, தப்பித்தது என்று எண்ணுவதே இதில் செய்யப்படும் பெரிய தவறு. மோதிய வேகத்தில் நுரையீரலில் இரத்தம் கட்டலாம், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் ஏறலாம், சிறுநீர்ப்பை வெடிக்கலாம்; இவற்றின் விளைவு வெளியே தெரியச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை ஆகலாம். வலியிலிருக்கும் நாய் தன்னை வளர்த்தவரையே கடிக்கும் என்பதால், தூக்கும் முன் ஒரு துப்பட்டாவையோ நீளமான துணியையோ வாயைச் சுற்றிக் கட்டி, முடிச்சைக் காதுகளுக்குப் பின்னால் போட வேண்டும். மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், சப்பை மூக்கு நாய்க்கும் வாய்க்கட்டு போடவே கூடாது. இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்து மீண்டும் வழியும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைக்கலாம். முறிந்த காலுக்கு மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்ட முயல வேண்டாம். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும் நாய்க்கு முதுகெலும்பு முறிந்திருக்கலாம். அதைத் தோளில் போட்டுத் தூக்காமல், ஒரு பலகையிலோ இருவர் இறுக்கிப் பிடித்த போர்வையிலோ அசைவின்றிக் கிடத்திக் கொண்டுபோக வேண்டும். நாய்ச் சண்டையிலோ விபத்திலோ பக் போன்ற நாய்களுக்குக் கண்விழி வெளியே பிதுங்கிவிடுவதுண்டு. அதை உள்ளே தள்ள முயலாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் சலைனில் நனைத்த துணியால் மூடி, காயாமல் பார்த்துக்கொண்டு உடனே புறப்படுங்கள்.

வலிப்பு வந்த நாய் நாக்கை விழுங்கிவிடாது. வாய்க்குள் கையையோ கரண்டியையோ விட்டால் கடிபடுவது நீங்கள்தான். சுற்றியுள்ள பொருள்களை நகர்த்திவிட்டு, விளக்கையும் சத்தத்தையும் குறைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், தெளியாமலே அடுத்தது வந்தாலும், அது அவசரம். முடிந்தால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள சான்று இல்லை. குட்டி போட்டுச் சில வாரங்களே ஆன, பாலூட்டும் சிறிய வகைத் தாய் நாய் நடுங்கி விறைத்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சரிந்திருக்கக்கூடும். நரம்பு வழியாகச் செலுத்தும் கால்சியம் அதை விரைவில் மீட்டுவிடும், தாமதம் கொன்றுவிடும்.

பாம்புக்கடியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தோட்டமும் வயலும் உள்ள இடங்களில் வீட்டாருக்கும் பாம்புக்கும் நடுவே போய் நிற்பது நாய்தான். அதனால் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ இருக்கும். நல்ல பாம்பு கடித்தால் எச்சில் வடிந்து, இமை தொங்கி, கால்கள் தளர்ந்து, கடைசியில் மூச்சு நிற்கும். கட்டுவிரியன் கடித்த தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். இரவில் நன்றாகப் படுத்த நாய் விடியலில் எழ முடியாமல் கிடப்பதே அதன் அடையாளமாக இருக்கும். கண்ணாடி விரியன் கடித்தால் கடித்த இடம் வேகமாக வீங்கும், இரத்தம் உறையாமல் ஈற்றிலும் சிறுநீரிலும் கசியும், சிறுநீரகம் பழுதாகும். சுருட்டை விரியனும் இரத்தம் உறைவதையே கெடுக்கிறது. இந்த நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படும் எதிர்நஞ்சு ஒன்றே மருந்து. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து மருந்து நிறுவனங்கள் அதைத் தயாரிக்கின்றன. மனிதருக்குப் போடும் அதே மருந்துதான் நாய்க்கும் போடப்படுகிறது.

கடிபட்ட நாயை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். நடந்தால் நஞ்சு விரைந்து பரவும். கயிற்றால் இறுகக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது எல்லாம் கேடு. கழுத்துப்பட்டையை மட்டும் கழற்றிவிடுங்கள். முகம் வீங்கும்போது அது குரல்வளையை நெரிக்கும். பாம்பைத் தேடிப் போகவோ அடிக்கவோ வேண்டாம். பாம்பு எதுவெனத் தெரியாவிட்டாலும் மருத்துவர், சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து அது உறைகிறதா என்று பார்த்தே விரியன் நஞ்சை ஊகித்துவிடுவார். புறப்படும் முன் தொலைபேசியில் அழைத்து, எதிர்நஞ்சு கைவசம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லாத இடத்துக்குப் போய் அங்கிருந்து மற்றோரிடம் ஓடுவதில்தான் பெரும்பாலும் நேரம் வீணாகிறது.

நஞ்சு தின்ற நாய்க்கு உப்புக் கரைசலோ எண்ணெயோ புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உப்பே நஞ்சாகிவிடக்கூடும், அமிலம், மண்ணெண்ணெய் போன்றவை மேலே ஏறி வரும்போது உணவுக்குழாயையும் நுரையீரலையும் மீண்டும் புண்ணாக்கும். எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, உறையையோ டப்பாவையோ கையோடு எடுத்துச் செல்வதுதான் சரியான முதலுதவி. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தானால் எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், தசைகள் துடிக்கும். உரிய நேரத்தில் அட்ரோபின் போன்ற மருந்துகள் கிடைத்தால் மீட்கலாம். எலி மருந்து ஒரே வகையானதன்று. துத்தநாக பாஸ்பைடு வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாகிறது. ஆகவே அதைத் தின்ற நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது, அது வண்டிக்குள் வாந்தி எடுத்தால் சன்னல்களைத் திறந்துவிட வேண்டும், ஏனெனில் அந்த வாயு உடனிருப்பவருக்கும் கேடு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையோ முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் காட்டாது. பிறகுதான் இருமலும் மூக்கில் இரத்தமும் திடீர்ச் சோர்வும் வரும். அதற்கு வைட்டமின் கே1 மாத்திரையைப் பல வாரங்கள் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும்.

மணிக் கணக்கில் முடிவாகும் நோய்கள்

பார்வோ. 1978இல் உலகம் அறிந்துகொண்ட இந்த வைரஸ், இன்றும் நம் தெருக்களில் குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்கிறது. ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள, தடுப்பூசி முழுமை பெறாத குட்டிகளே இதற்கு அதிகம் இரையாகின்றன. முதல் நாள் சோர்வும் சோறு வெறுப்பும். அடுத்து ஓயாத வாந்தி. பின்னர் இரத்தம் கலந்த கழிச்சல், ஒருமுறை முகர்ந்தவர் மறக்க முடியாத நாற்றத்தோடு. குடலின் உட்சுவர் உரிந்து, வெள்ளை அணுக்களும் சரிந்துவிடுவதால், குட்டியைக் கொல்வது நீரிழப்பும் குடலிலிருந்து இரத்தத்துக்குள் இறங்கும் பாக்டீரியாக்களும் ஆகும். எனவே சிகிச்சை என்பது நரம்பு வழியே திரவம் ஏற்றுவது, வாந்தியை நிறுத்துவது, கிருமித்தொற்றைத் தடுப்பது, ஊட்டம் தருவது ஆகிய நான்கும்தான். முதல் நாளிலேயே இதைத் தொடங்கிய குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. வீட்டிலேயே வைத்துப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இறக்கின்றன. வாந்தி எடுக்கும் குட்டிக்கு வாய்வழியாக எதைப் புகட்டினாலும் அது வெளியே வந்துவிடும், நீரிழப்பை மேலும் கூட்டும். பாலும் தயிர்ச்சோறும் அந்த நேரத்தில் மருந்தாகா.

குட்டி இறந்த வீட்டில் அதே மாதம் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து, அதையும் பறிகொடுப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பினாயிலை நம்ப முடியாது. துணி வெளுக்கும் பிளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, முதலில் சோப்புப் போட்டுக் கழுவிய தரையில் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய இயலாது என்பதால், தடுப்பூசி முழுவதும் முடிந்த நாயை மட்டுமே அங்கு கொண்டுவர வேண்டும். அந்தத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரை போட வேண்டும். ஓர் ஊசியோடு நிறுத்தியவர்கள் தடுப்பூசி போட்டும் வந்துவிட்டதே என்று நொந்துகொள்கிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் முதல் ஊசியைச் செயலிழக்கச் செய்துவிடுவதுண்டு, அதனால்தான் கடைசி ஊசி 16 வாரத்துக்கு முன்னால் முடியக் கூடாது.

வயிறு முறுக்கிக்கொள்வது குட்டிகளுக்கன்றி, மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு வருவது. ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், டாபர்மேன் வளர்ப்போர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். மார்பு ஆழமான உடல்வாகு கொண்ட நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களை வளர்ப்போரும் கவனமாக இருப்பது நல்லது. நாய் வாந்தி எடுக்க முக்கிக்கொண்டே இருக்கும், நுரையைத் தவிர ஒன்றும் வராது. வயிறு உப்பித் தட்டினால் ஒலிக்கும். ஓரிடத்தில் நிற்காமல் தவிக்கும். காற்றடைத்த இரைப்பை தன்னைத்தானே திருகிக்கொண்டு இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. அறுவைச் சிகிச்சை தவிர வேறு வழியில்லை, அதுவும் சில மணி நேரத்துக்குள். ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம் என்று அரை நாளைக் கழித்தால் நாய் மிஞ்சாது. ஒரே வேளையில் நிறையப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வைப்பதும், தின்றவுடன் ஓடவிடாமல் இருப்பதும் ஓரளவு காக்கும்.

கருத்தடை செய்யாத பெட்டை நாய், பருவ இரத்தப்போக்கு முடிந்து ஒன்று இரண்டு மாதத்துக்குள் நிறையத் தண்ணீர் குடித்து, சோறு குறைத்து, சோர்ந்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். சீழ் வெளியே வடிந்தால் கண்டுபிடிப்பது எளிது. வாய் மூடிக்கொண்ட கருப்பை அதைவிட ஆபத்தானது, ஏனெனில் வெளியே ஒன்றும் தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே வெடிக்கலாம். கருப்பையை அகற்றுவதே உறுதியான சிகிச்சை. கடுவன் நாய் காலைத் தூக்கித் தூக்கி நின்றும் சிறுநீர் சொட்டாவிட்டால் கல் அடைத்திருக்கலாம்; அதற்கும் மறுநாள் வரை காத்திருக்க முடியாது.

நாள் கணக்கில் அரிப்பவை

உண்ணிக் காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்கிறோம்; எர்லிக்கியா, பபீசியா முதலிய பல கிருமிகளை நாய் உண்ணி பரப்புகிறது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், சோர்வு, எடை குறைவு, வெளுத்த ஈறு, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், சில நாய்களுக்கு மூக்கிலிருந்து இரத்தம். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் பபீசியா சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருக்கலாம். அப்போது நாள் கணக்கு மணிக் கணக்காகிவிடும், இரத்தம் ஏற்றவும் நேரலாம். நாய் நாய்க்கு இரத்தம் தர முடியும் என்பதால், நல்ல எடையும் உடல்நலமும் உள்ள நாயை வளர்க்கும் நண்பர்கள் இருவரையாவது தெரிந்துவைத்திருப்பது வீண்போகாது. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாளே நாய் துள்ளத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினால், கிருமி உடலுக்குள் மறைந்திருந்து, சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து எலும்பு மச்சையைத் தாக்கும், அந்த நிலையில் காப்பாற்றுவது மிகக் கடினம்.

உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடுவது பாதி வேலை. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மருத்துவர் சொல்லும் உண்ணி மாத்திரையோ கழுத்தில் விடும் மருந்தோ மாதந்தவறாமல் கொடுக்கும்போதே, வெடிப்புகளைச் சிமெண்டால் அடைக்கவும், படுக்கைத் துணியை வெந்நீரில் துவைக்கவும் வேண்டும். கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கலாம். விரலால் நசுக்குவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும், சூடு வைப்பதும் வேண்டாம்.

எலிக்காய்ச்சல் மழைக்காலத்துக்கு உரியது. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து நாய்க்கு வந்து, நாயின் சிறுநீரிலிருந்து நமக்கும் வரும். காமாலையோடு வாந்தி எடுக்கும் நாயைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும்.

டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் சளிக் காய்ச்சல் போலத் தொடங்கும். கண்ணிலும் மூக்கிலும் சீழ், இருமல். சில வாரம் கழித்து, தேறிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், தாடை வெட்டி வெட்டி இழுக்கும், ஒரு கால் ஓயாமல் துடிக்கும். நரம்பைத் தாக்கிய பின் மருந்துகள் துணை செய்யுமே தவிர நோயை நீக்கா. பார்வோவுக்கான கூட்டுத் தடுப்பூசியிலேயே இதற்கும் காப்பு இருக்கிறது.

புழு வைத்த புண்ணைப் பற்றி ஒரு வேண்டுகோள்: அதில் பெட்ரோலையும் பினாயிலையும் ஊற்றாதீர்கள். புழு சாகும் முன் நாயின் சதை வெந்துபோகும். காது மடலுக்குள்ளும், விரலிடுக்கிலும், வாலடியிலும் நாற்றம் வந்தால் முடியை விலக்கிப் பாருங்கள்; முட்டையிலிருந்து புழு வர ஒரு நாள் போதும். பிறப்புறுப்பில் காலிபிளவர் போன்ற கட்டியும் இரத்தச் சொட்டும் கண்டால், அது இணைசேரும்போது பரவும் புற்றாக இருக்கலாம். வின்கிரிஸ்டின் ஊசியை வாரம் ஒருமுறை வீதம் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகும். புற்று என்ற சொல்லுக்கு அஞ்சி நாயைக் கைவிட வேண்டியதே இல்லை.

ரேபிஸ்: நாயைவிட வீட்டாரை முதலில் காக்க வேண்டிய நோய்

வெறிநோய் என்றதும் வாயில் நுரை தள்ளி ஓடிக் கடிக்கும் நாயே நினைவுக்கு வருகிறது. அமைதியான வகையும் உண்டு. அதில் நாய் இருட்டான மூலையில் ஒதுங்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கையை விட்டுத் தேடுவது இந்த இடத்தில் நேரும் கொடிய பிழை. குரல் மாறி, குணம் மாறி, தாடை தொங்கும் எந்த நாயின் வாயையும் வெறுங்கையால் திறக்காதீர்கள். தனி அறையில் அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

கடியோ, கீறலோ, புண்ணின்மேல் எச்சிலோ பட்டவர், அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்றால் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாள்களில் தோலுக்குள் போடும் தடுப்பூசி கிடைக்கும். இரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் பொருள் ஊசியும் போட வேண்டும், அதைக் கேட்டுப் பெறுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது சரியான முறைதான். ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டே கவனிக்க வேண்டும். நோய் வெளிப்பட்டபின் நாய்க்கும் மனிதருக்கும் மருந்து இல்லை. வீட்டு நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசியும் தவறக் கூடாது. ஊசி போட்ட நாயையே தெருநாய் கடித்தாலும் காயத்தைக் கையுறையோடு கழுவி, மருத்துவர் சொல்லும் நாள்களில் மறுபடியும் ஊசி போட வேண்டும்.

வீட்டு மருந்துப் பெட்டியும் மருத்துவமனையும்

நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். இபுபுரூபனும் டைக்ளோபெனாக்கும் இரைப்பையில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். குழந்தைக்குக் கொடுக்கும் அளவில் பாதிதானே என்ற கணக்கு இங்கே செல்லாது. சாக்லேட், திராட்சை, வெங்காயம், சர்க்கரை சேர்க்காத மிட்டாய்களில் உள்ள சைலிட்டால் ஆகியவையும் நஞ்சே. பெட்டியில் வைக்க வேண்டியவை வெப்பமானி, சுத்தமான துணிக் கட்டுகள், கையுறை, சலைன், சாமணம் ஆகியவையும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண் எழுதிய ஒரு சீட்டும். சென்னையில் உள்ளவர்களுக்கு, 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. உங்கள் ஊருக்கு அருகில் இரவில் எது இயங்குகிறது என்பதை இன்றே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருத்துவர் முன் நிற்கும்போது கடைசியாகத் தின்றது எப்போது, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, வாந்தி எத்தனை முறை, என்ன நிறம், வீட்டில் ஏதேனும் மருந்து கொடுத்தீர்களா என்ற ஐந்துக்கும் விடை தயாராக இருக்கட்டும். திட்டுவாரோ என்று அஞ்சிக் கொடுத்த மாத்திரையை மறைத்தால், அவர் போடும் ஊசியே அதனோடு மோதக்கூடும். தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். வீடு திரும்பும் முன் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணி நேரத்துக்குள் முன்னேற்றம் தெரிய வேண்டும், எந்த அறிகுறி வந்தால் இரவானாலும் திரும்பி வர வேண்டும், அடுத்த இரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில்.